பிறவி ஓடு வாடகைக்குக் கிடைக்கும்

ஒரு காட்டில் ஓடைக்கும் மணல்திட்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று கிடந்தது. அதன்மேல் தார் ஊற்றினார்கள். அன்று முதல் அது சாலை. சாலை வந்தால் சட்டம் வேண்டும். சட்டம் வந்தால் அலுவலகம் வேண்டும். அலுவலகம் வந்தால் அதன் வாசலில் ஒரு புளியமரமும், மரத்தடியில் ஒரு நரியும் தானாக முளைத்துவிடும். முளைத்தன.

அந்தச் சாலையில் கால் வைக்கும் எந்த விலங்கும் ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகத்தில் போய் உடம்பைக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். காட்டில் அதை எஃப்.சி. என்றுதான் சொன்னார்கள். கொம்பு, வால், குளம்பு, ஓடு எல்லாம் பிறந்தபோது பதிவுப் புத்தகத்தில் எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும். கூடக் கூடாது, குறையக் கூடாது, மாறவே கூடாது. வளர்ந்தால் என்ன செய்வது என்று ஒரு மான்குட்டி கேட்டது. விண்ணப்பித்துவிட்டு வளர வேண்டும் என்று பதில் வந்தது.

கோமதி என்று ஓர் ஆமை அங்கே இருந்தாள். ஓடைக்கரையில் வீடு. ஓடைக்கரை முழுக்கக் களிமண். அதில் முட்டையிட்டால் அழுகிவிடும். அதனால் கோடை முடியும்போது சாலையைக் கடந்து மணல்திட்டுக்குப் போய் முட்டையிட்டுவிட்டு வருவாள். இத்தனை வருடமும் அப்படித்தான்.

இந்த வருடம் கோடை தொடங்கும் முன்பே அவள் ஓடு உடைந்தது. உடைத்தவர் ஒரு காட்டெருமை. பெரியவரின் தம்பி மகன் என்பதால் அவரைச் சின்னவர் என்றே எல்லோரும் சொன்னார்கள். பெரியவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் பிறகு வேறெதையும் கேட்டதில்லை. சின்னவருக்குப் பிறவிக் கொம்பு போதவில்லை. அதற்கு மேல் ஃபைபரில் இன்னொரு ஜோடி, கழுத்தைச் சுற்றி ஃபைபர் பிடரி, விலாவின் இருபுறமும் தரையை உரசும் பலகை, கொம்பு நுனியில் கண்ணைப் பறிக்கும் நீல விளக்கு. பரிவாரத்தோடு போகும்போது கோமதியின் மேல் ஒரு கால் வைத்துவிட்டார். நின்று பார்த்தார். தன் குளம்பைத்தான் பார்த்தார். கீறல் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்.

கோமதி ஊர்ந்து ஊர்ந்து பிச்சாண்டியின் பட்டறைக்குப் போனாள். பிச்சாண்டி குரங்கு. டிங்கரிங், பட்டி பார்த்தல், பெயிண்டிங், எல்லாம் அவனே. சின்னவரின் பிடரியும் அவன் கைவேலைதான்.

"வலப்பக்கம் மொத்தமா போச்சுக்கா. இதைக் கழட்டிட்டு ஃபைபர்ல செஞ்சு தரேன்."

ஆமையின் ஓட்டைக் கழற்ற முடியாது என்று விலங்கியல் படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் யாரும் பிச்சாண்டியின் பட்டறைக்கு வந்ததில்லை. அவன் கழற்றினான். கோமதியை ஈரச் சாக்குக்குள் சுற்றி வைத்துவிட்டு, உடைந்த ஓட்டைச் சேர்த்துக் கட்டி அதையே அச்சாக வைத்தான். அதன் உள்பக்கம் கண்ணாடி நாரைப் பரப்பி, ரெசினை ஊற்றி, காய்ந்ததும் எடுத்தான். நார் அவன் விரல்களிலெல்லாம் குத்தியது. ரெசின் நாற்றத்தில் பக்கத்து மரத்துக் காக்கைகள் இடம் மாறின.

"அளவு எப்படின்னு பாருங்க. பழைய ஓட்டுக்குள்ள இது அப்படியே போய் உட்காரும். எடை பாதிகூட இல்லை" என்று சொல்லி அதன்மேல் ஏறிக் குதித்தும் காட்டினான். "பின்னாடி றெக்கை மாதிரி ஒரு ஸ்பாய்லர் போட்டுரட்டுமா?"

"அது எதுக்குடா?"

"வேகமா போறப்ப தூக்கிடாம தரையோட அமுக்கிப் பிடிக்கும்."

"நான் போற வேகத்துக்கு என்னைப் பின்னாலேருந்து யாராவது தள்ளினாத்தான் உண்டு. ஒண்ணும் வேணாம், மூடி விடு."

மூடி விட்டான். பழைய ஓடு பட்டறை மூலைக்குப் போனது.

கோடை முடிந்தது. கோமதியின் வயிறு கனத்தது. மழைக்கு முன்னால் மணலுக்குப் போய்விட வேண்டும். எஃப்.சி. காலாவதியாகியிருந்ததால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினார்கள். அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

ஆய்வாளர் புண்ணியகோடி ஓர் ஓணான். எப்போதும் தலையாட்டிக்கொண்டே இருப்பார். ஆம் என்றாலும் அதே ஆட்டம், இல்லை என்றாலும் அதே ஆட்டம். எதற்கு ஆட்டினார் என்பதை வீட்டுக்குப் போய் யோசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அவர் கோமதியின் முதுகில் ஏறித் தட்டிப் பார்த்தார்.

"இது ஓடு இல்லையே, அம்மா."

"ஓடுதான் சார். ஃபைபர்."

"புத்தகத்துல 'ஓடு: பிறவி'ன்னு இருக்கு."

"பிறவி ஓட்டை உங்க ரோட்டுலதான் மிதிச்சு உடைச்சாங்க."

"உடையறது தப்பில்லை. உடைஞ்ச ஓட்டோட வந்திருந்தா தேய்மானம்னு எழுதி அனுப்பிச்சிருப்பேன். நீங்க சரி பண்ணிட்டு வந்திருக்கீங்க. அது மாற்றம்."

"உடைஞ்ச ஓட்டோட இருந்தா காக்கா கொத்தியே செத்திருப்பேனே சார்."

"அது வேற துறை."

கோமதி பொறுமையான ஜாதி. வேறு வழியும் இல்லை. "சரி சார், மாற்றத்துக்கு அனுமதி கொடுங்க" என்றாள்.

"மாத்தறதுக்கு முன்னால வாங்கணும்."

"உடையப் போகுதுன்னு முன்னாலயே எப்படித் தெரியும்?"

"அப்ப ஓட்டைத் தயாரிச்சவங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் வாங்கிட்டு வாங்க. யாரு தயாரிப்பு?"

"எங்க அம்மா."

"வரச் சொல்லுங்க."

"அவ போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆச்சு."

புண்ணியகோடி வருத்தமாகத் தலையாட்டினார். "உற்பத்தி நின்னுபோன மாடல். அப்படின்னா மோதல் சோதனைதான். ஓட்டுமேல சின்னவரை ஒருதரம் நடக்கவிடுவோம். உடைஞ்சா, தரமில்லைன்னு நிராகரிப்போம்."

"உடையலைன்னா?"

"சின்னவர் கால்ல அடிபட்டிருக்கும். பாதசாரிகளுக்கு ஆபத்துன்னு நிராகரிப்போம்."

அந்த நேரம் சின்னவரே சாலையில் போனார். இரட்டைக் கொம்பு, பிடரி, விலாப் பலகை, நீல விளக்கு எல்லாம் சகிதம். பலகை சாலையோரம் நின்ற முயலின் காதை உரசிக்கொண்டு போனது. புண்ணியகோடி எழுந்து நின்று தலையை ஆட்டினார்.

"சார், அதெல்லாம் ஃபைபர்தானே?"

"அது அலங்காரம்மா. நம்பிக்கை சம்பந்தப்பட்டது. அதுல நாங்க தலையிடறதில்லை."

வரிசையில் நின்ற யாரும் சிரிக்கவில்லை. சிலர் சின்னவருக்குக் கும்பிடு போட்டார்கள். காதைத் தடவிக்கொண்டிருந்த முயலும் போட்டது.

கோமதி வெளியே வந்து புளியமர நிழலில் நின்றாள். தரகர் தணிகாசலம் அங்கேதான் இருந்தார். நரி.

"என்னக்கா, மாற்றம்னுட்டாரா? இதுக்குப் போயா முகத்தைத் தொங்கப் போடறீங்க. கொட்டகைக்கு வாங்க."

கொட்டகையில் இல்லாத பொருள் இல்லை. பிறவிக் கொம்பு, பிறவி வால், பிறவித் தந்தம், முள்ளம்பன்றிக்குக் குறையும் முள், எல்லாம் வாடகைக்கு. காலையில் மாட்டிக்கொண்டு போய் ஆய்வாளரிடம் காட்டி, முத்திரை வாங்கி, மாலையில் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியது. காடே இப்படித்தான் எஃப்.சி. வாங்கிக்கொண்டிருந்தது. புண்ணியகோடிக்கும் தெரியும். ஒரே வால் ஒரே நாளில் நான்கு நரிகளின் பின்னால் வந்தபோதும் அவர் தலை ஆடியது. வால் பிறவி வால்தானே. யாருக்குப் பிறவி என்று புத்தகத்தில் கேள்வி இல்லை.

பின்சுவர் முழுக்க ஆமை ஓடுகள் அடுக்கியிருந்தன. பெரிது, சிறிது, உள்ளங்கை அளவுகூட.

"இதெல்லாம் யாரோடது?" என்றாள் கோமதி.

"நம்ம பழைய வாடிக்கையாளருங்க."

"உள்ள இருந்தவங்க?"

"அவங்களுக்கு எதுக்குக்கா எஃப்.சி.? ரோட்டுல நடக்கறதையே விட்டுட்டாங்க."

தணிகாசலத்தின் தொழிலில் மறைவு ஒன்றுமில்லை. சின்னவர் நடக்கிற சாலையில் ஆமைகளுக்கு ஓடு உடையும். உடைந்தவர்கள் ஃபைபர் போடுவார்கள். ஃபைபர் போட்டவர்கள் எஃப்.சி.க்குப் பிறவி ஓடு தேடி இவரிடம் வருவார்கள். ஃபைபரைக் கழற்றிப் பிறவி ஓட்டை மாட்டத் திரை போட்ட ஓர் அறை. ஓடு கழற்றிய ஆமை எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது அந்த அறையில் தணிகாசலத்துக்கு மட்டுமே தெரியும். உள்ளே போனவர்களில் சிலர் வெளியே வருவார்கள், சிலர் வர மாட்டார்கள். வராதவர்களின் ஃபைபர் ஓடு குப்பைக்குப் போகும். பிறவி ஓடு, அதுதான் ஏற்கெனவே அவருடையதாயிற்றே, சுவருக்குத் திரும்பும். வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் ஒருவர் வரவில்லையென்றால் வரிசை சீக்கிரம் நகர்கிறதே என்று நிம்மதியாக ஓர் அடி முன்னால் வைப்பார்கள்.

கோமதி சுவரைப் பார்த்துக்கொண்டே போனாள். ஓர் ஓட்டின் முன் நின்றாள். வலப்பக்கம் நொறுங்கிப் பட்டி பார்த்திருந்தது.

"இது என்னுது."

"உங்களுதா? அட! பிச்சாண்டிதான் பழைய சாமானோட போட்டுட்டுப் போனான். அப்ப அளவே எடுக்க வேணாம். உள்ள வாங்க, மாத்தி விடறேன்." தணிகாசலம் திரையை விலக்கிப் பிடித்தார். உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டார்.

"உள்ள வரலை. அதைத் தூக்கி அப்படியே என் மேல கவுத்து விடுங்க."

"ஃபைபரைக் கழட்டாமலா?"

"அதுக்குள்ள அச்செடுத்ததுதான் இது. சரியா உட்காரும்."

"ரெண்டு ஓட்டைச் சுமந்துக்கிட்டு இந்த வெயில்ல..."

"வயித்துல முட்டை இருக்கறவளுக்குக் குளிரும்."

தணிகாசலம் யோசித்தார். எப்படியும் மாலையில் ஓட்டைத் திருப்பிக் கொடுக்க வரத்தானே வேண்டும். பசியை மாலைக்கு ஒத்திவைப்பது அவர் தொழிலில் புதிதல்ல. கவிழ்த்து விட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது.

புண்ணியகோடி ஏறித் தட்டினார். "இது ஓடு! விரிசல் மட்டும் இருக்கு."

"சின்னவர் மிதிச்சது சார்."

"தேய்மானம்" என்று எழுதி, ஓட்டின் நடுவில் முத்திரையை ஒட்டினார். "ஞாபகம் வெச்சுக்கங்க. இனிமே சட்டத்துக்கு இந்த ஓடுதான் கோமதி. இது எங்கயோ நீங்க அங்க."

கோமதி கொட்டகைக்குத் திரும்பவில்லை. நேராகச் சாலையில் இறங்கினாள். சோதனைச் சாவடியில் முத்திரையைப் பார்த்து விட்டுவிட்டார்கள். தணிகாசலம் சாலையோரமாகவே கூட வந்தார்.

"அக்கா, வாடகைப் பொருளை எடுத்துக்கிட்டு எங்க போறீங்க?"

"முட்டை போட்டுட்டு வந்துடறேன்."

"முத்திரை இருக்கறது என் சரக்குமேலக்கா!"

"சரக்குக்கு உள்ள இருக்கறது என் வயிறு, தணிகாசலம். அதுக்கும் ஒரு அவசரம் இருக்கு."

இரண்டு ஓடு. நாலு கால். ஆமை வேகம் என்று கேலி பேசுகிறவர்கள் அன்று பார்த்திருந்தால், அதற்கும் கீழே ஒரு வேகம் உண்டு என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். சாலையின் நடுவுக்கு வந்தபோது தார் அதிர்ந்தது. நீல விளக்கு பளீரென்று அடித்தது. சின்னவர் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

கோமதி தலையை இழுத்துக்கொண்டாள்.

மேலே சடசடவென்று சத்தம். பிறவி ஓடு பட்டி பார்த்த இடத்தில் பிளந்து, துண்டு துண்டாகத் தெறித்தது. அதற்குக் கீழே சின்னவரின் குளம்பு வழவழப்பான ஒன்றின்மேல் சறுக்கியது. சின்னவர் முன்னங்கால் மடங்கி விழுந்தார். அவருடைய மேல்கொம்பு ஒன்று கழன்று உருண்டு போய், அலுவலக வாசலில் நின்ற புண்ணியகோடியின் காலடியில் நின்றது. புண்ணியகோடி வானத்தைப் பார்த்தார். பரிவாரம் ஓடி வந்து கொம்பை எடுத்துச் சொருகியது. சின்னவர் எழுந்து போன பிறகுதான் வானத்தில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

சாலை நடுவில் ஃபைபர் ஓட்டுக்குள்ளிருந்து கோமதி தலையை நீட்டினாள். ஒரு கீறல் இல்லை. வயிறு பத்திரம்.

புண்ணியகோடி ஓட்டுத் துண்டுகளைப் பார்த்தார். முத்திரை இரண்டாகக் கிழிந்து கிடந்தது. நோட்டை எடுத்தார்.

"கோமதி, ஆமை, சாலை விபத்தில் மரணம்."

"சார், நான் இங்கதானே நிக்கறேன்!"

"நிக்கறது வேறம்மா. சான்று வாங்கின ஓடு போச்சு. அதோட நீங்களும் போயாச்சு. சட்டப்படி செத்திருக்கணும். அனுமதி இல்லாத ஓட்டை உள்ள போட்டுக்கிட்டு, அனுமதி இல்லாம உயிரோட இருக்கீங்க."

"அப்ப இப்ப நான் யாரு?"

புண்ணியகோடி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பதிவு ரத்தான உடம்பு... சாலையில் கிடக்கும் கழிவு."

கோமதி வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். "கழிவு ரோட்டுல இருக்கறதுக்கு எஃப்.சி. வேணுமா சார்?"

மறுபடி புரட்டினார். "வேணாம். சாலையோரம் தள்ளிடணும்."

"எந்த ஓரம்?"

இன்னும் புரட்டினார். "எது கிட்டத்துல இருக்கோ அந்த ஓரம்." அவர் புரட்டிய நேரமெல்லாம் கோமதி நடந்துகொண்டே இருந்தாள், ஓர் அடி, பிறகு இன்னோர் அடி. இப்போது மணல்திட்டுதான் கிட்டத்தில் இருந்தது.

துடைப்பத்தோடு ஆள் வந்தது. அந்தக் காட்டு வரலாற்றில் ஒரு குடிமகளை அரசாங்கமே தள்ளிக்கொண்டு போய் அவள் போக நினைத்த இடத்தில் விட்டது அன்று ஒருநாள்தான். அதற்கு அவள் குப்பையாக வேண்டியிருந்தது.

கோமதி மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடினாள். வழக்கமாக ஆமைகள் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். கோமதி போகவில்லை. போக முடியாது, கழிவு தானாகச் சாலையில் நடந்தால் அது குற்றம். அங்கேயே உட்கார்ந்தாள்.

சற்றுத் தள்ளித் தணிகாசலமும் வந்து உட்கார்ந்தார்.

"முட்டையைத் தோண்டித் தின்னுடுவேன்னு பயப்படாதீங்கக்கா. முட்டையைத் தின்னா ஒரு வேளைப் பசி. பொரிஞ்சு வரட்டும். பட்டி இல்லை, விரிசல் இல்லை, ஆணி அடிச்ச அடையாளம் இல்லை. புத்தம்புதுப் பிறவி ஓடு! இந்தக் காலத்துல யாருகிட்ட இருக்கு? ஆபீசரையும் வரச் சொல்லியிருக்கேன். வெளிய வந்த உடனே 'பிறவி'ன்னு பதிஞ்சுட்டா மதிப்பே தனி. நானே வளர்க்கறேன். நல்லாப் பார்த்துக்குவேன்."

"எவ்வளவு நாளு?"

"ஓடு முத்துற வரைக்கும்" என்றார் தணிகாசலம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்போல.

மழை வந்து ஓய்ந்தது. ஒரு மதியம் மணல் அசைந்தது. தணிகாசலம் ஆபீசரைக் கூட்டிவர ஓடினார். கோமதி தலையைத் தூக்கி மேலே பார்த்துக் கத்தினாள். குரங்குகளுக்குச் சாலையும் வேண்டாம், சான்றும் வேண்டாம். மேலே கிளை இருக்கிறது. பிச்சாண்டி தொங்கிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

"என் பழைய ஓட்டை அந்தாளுக்கா வித்தே?"

"மூலையை அடைச்சுக்கிட்டு இருந்ததுக்கா..." என்று தலையைச் சொறிந்தான்.

"சரி விடு. அந்த ஸ்பாய்லர் இன்னும் இருக்கா?"

"ஸ்பாய்லரா? உங்களுக்கா?"

"எனக்கில்லை. அதோ வெளிய வருது பார், அதுங்களுக்கு. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒண்ணு. ஒட்டினா மட்டும் போதாது, திருகாணி போடு. ஓரத்துல ஃபைபர் மடிப்பு. சிவப்புல நெருப்பு மாதிரி கோடு போடுவியே, அதுவும் போடு."

"குட்டியூண்டு ஓடுக்கா. துளை போட்டா பாழாயிடும்."

"நல்லாப் பாழாக்கு" என்றாள் கோமதி.

புண்ணியகோடி நோட்டோடு வந்தபோது மணல்திட்டில் ஆமைக்குஞ்சுகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் உடம்பைவிடப் பெரிய ஸ்பாய்லர். பக்கவாட்டில் சிவப்பு ஜ்வாலை. காற்றைக் கிழித்துக்கொண்டு அவை அசையாமல் நிற்பதுபோல் போயின.

"இதெல்லாம் மாற்றம் செய்தவை" என்றார் புண்ணியகோடி. "பிறவின்னு பதிய முடியாது."

"கழட்டிட்டுப் பதிங்க சார்!" என்று பதறினார் தணிகாசலம்.

"கழட்டினா துளை இருக்குமேய்யா. துளை போட்ட ஓட்டைப் பிறவின்னு நான் எழுதினா என் வேலை போயிடும். வாலுன்னா பரவாயில்லை."

தணிகாசலம் ஆத்திரத்தில் ஒரு குஞ்சைக் கவ்வினார். கண்ணாடி நார் நாக்கெல்லாம் குத்தியது. ரெசின் வாடை மூளைக்கு ஏறியது. துப்பினார். துப்பப்பட்ட குஞ்சு நிமிர்ந்து, ஸ்பாய்லரைச் சரிசெய்துகொண்டு, வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்தது.

"நல்ல சரக்கு! அத்தனையும் புதுசு! பெத்த தாயே இப்படிப் பண்ணலாமா?" தணிகாசலத்துக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்தக் காட்டில் குழந்தைகளுக்காக மனமார அழுத ஒரே ஆள் அவர்தான்.

"ஒரு குஞ்சுக்கும் ரோட்டுல கால் வைக்க அனுமதி கிடையாது" என்று எழுதி நோட்டை மூடினார் புண்ணியகோடி.

"அந்த ரோட்டுலயா?" என்று கேட்டாள் கோமதி. "ரொம்ப நன்றி சார்."

புண்ணியகோடி தலையாட்டினார். எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நீதி: குறையொன்றும் இல்லாத பிள்ளையை வாடகைக்கு எடுக்க ஆள் காத்திருக்கிறது. ஆகவே பெற்றோர்களே, பிறந்த அன்றே ஒரு ஸ்பாய்லரைத் திருகிவிடுங்கள்.